கண்ணாடிக்கு மேல ஒரு கண்ணாடி!

வீட்டு அலமாரியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்க பாஸ். அண்ணனோ சித்தப்பாவோ 2005 வாக்கில் வாங்கின சின்ன டிஜிட்டல் கேமரா ஒண்ணு தூங்கிக்கிட்டு இருக்கும். இப்போ காலேஜ் பசங்க கையில் அதெல்லாம் மறுபடி உலாவுது. 'அந்தக் காலத்து கலர்' வேணுமாம். சந்தோஷம்! கேமரா கிடைத்தால், கூடவே இன்னொரு சமாச்சாரத்தையும் தேடுங்க. அதன் பெயர் கன்வர்ட்டர் லென்ஸ்.

என் கையில் இருப்பது கேனான் பவர்ஷாட் ஏ620. 2005 மாடல், 7.1 மெகாபிக்ஸல். எஸ்.எல்.ஆர். மாதிரி லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. ஃபிலிம் கேமரா கணக்கில் சொன்னால், 35 மி.மீ.யில் தொடங்கி 140-ல் முடிந்துவிடும் ஜூம். அதைவிடக் கிட்டத்தில் வேணும்னா நடந்துதான் போகணும். அதைவிட அகலமா வேணும்னா, பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டிக்கணும்.

இங்கேதான் கன்வர்ட்டர் கைகொடுக்குது. லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கழற்றிவிட்டு, அங்கே ஒரு குழாயை மாட்டணும். அதுதான் அடாப்டர். அதன் வாயில் கன்வர்ட்டரைத் திருகினால் வேலை முடிந்தது. பாரத்தைக் கேமராவின் உடம்பு தாங்கிக்கும். உள்ளே நீளுகிற ஜூம் லென்ஸுக்கு வலிக்காது. வைடு கன்வர்ட்டர் 0.7 மடங்கு என்றால், 35 மி.மீ. 24.5 ஆகும். டெலி கன்வர்ட்டர் 1.75 மடங்கு என்றால், 140 மி.மீ. 245 ஆகும். வெறும் பெருக்கல் கணக்கு!

உள்ளே பெரிய மாயமெல்லாம் இல்லை. டெலி கன்வர்ட்டர் என்பது கலிலியோ பாணி டெலஸ்கோப்தான். முன்னால் குவிலென்ஸ், பின்னால் குழிலென்ஸ். அதைத் திருப்பி வைத்தால் வைடு. சின்ன வயசில் பைனாகுலரை மாற்றிப் பிடித்து, பக்கத்தில் நிற்கிற தம்பியைத் தூரத்துக்கு அனுப்பியிருப்பீங்களே, அதே கதை. எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்குப் பின்னால் மாட்டும் 2 மடங்கு கன்வர்ட்டர், இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். முன்னால் மாட்டும் இதில் அந்த நஷ்டம் பெரிசா இல்லை. ஏழைக்கேத்த எள்ளுருண்டை!

ஆனா, சில விஷயங்களில் உஷாரா இருக்கணும். டெலி மாட்டினால் ஜூமை முழுசா இழுத்துடுங்க. இல்லேன்னா நாலு மூலையும் இருட்டடிச்சு, சாவித் துவாரம் வழியே எட்டிப் பார்த்த மாதிரி ஆகிடும். வைடு மாட்டினால் ஜூமைத் தொடவே தொடாதீங்க. ஃப்ளாஷ் போட்டால் கன்வர்ட்டரின் நிழல் படத்தில் விழும்; அதை அணைச்சுட்டு ஜன்னலைத் திறங்க. டெலியில் கை நடுக்கமும் 1.75 மடங்காகும். வேடந்தாங்கலில் நாரையை எடுக்கப் போனால், கைப்பிடிச் சுவரிலோ நண்பன் தோளிலோ கேமராவைச் சாய்ச்சுட்டு, 2 விநாடி டைமர் வைங்க. வெளுத்த வானத்துக்கு எதிரே இருக்கிற கிளைகளின் ஓரத்தில் ஊதா நிறம் கசியும். அது இந்தக் கண்ணாடியின் குணம், மன்னிச்சுடுங்க.

'இதெல்லாம் எதுக்கு?' என்கிறீர்களா? ஒரு கணக்கு சொல்றேன்.

எங்க வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. எட்டடி தள்ளி நின்றால், 35 மி.மீ.யில் சுமார் எட்டடி அகலம் அடங்கும். 24.5-ல் பதினோரு அடிக்கு மேல். வித்தியாசம் மூணு அடிதான். ஆனா, அந்த மூணு அடியில் யார் நிற்பாங்க தெரியுமா? நடுவில் எப்பவும் பட்டு வேட்டிகள்தான். ஓரத்தில், கரண்டியை வெச்சுட்டு ஓடிவந்த பெரியம்மா. அதற்கும் ஓரத்தில், கதவைப் பிடிச்சுக்கிட்டு அப்பத்தா. எங்க ஆல்பங்களில் அப்பத்தா பெரும்பாலும் ஒரு முழங்கையாகவோ, சேலைத் தலைப்பாகவோதான் இருக்காங்க.

2007-ல் அக்கா நிச்சயதார்த்தம். வைடு கன்வர்ட்டரோடு எடுத்த படத்தில் அப்பத்தா முழுசா வந்தாங்க. கதவு நிலை வில்லாக வளைந்திருந்தது, அவங்களும் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தாங்க. ''ஏய்யா, என்னைய மட்டும் ஏன் இம்புட்டு அகலமாக்கிட்ட?'' என்று சிரித்தார். மூணு வருஷம் கழித்து அவங்க போனபோது, மாலை போட்டு மாட்ட வீட்டில் தேடினோம். முகம் முழுசாக இருந்த ஒரே படம் அதுதான்.

கன்வர்ட்டர் பழங்கதை என்று நினைக்காதீங்க. ஃப்யூஜியின் எக்ஸ்100 வரிசைக்கு வைடு, டெலி இரண்டும் உண்டு. 2025-ல் வந்த விவோ எக்ஸ்200 அல்ட்ரா போனுக்கே 2.35 மடங்கு டெலி கன்வர்ட்டர் வந்தது. அல்ட்ரா வைடு லென்ஸோ இப்ப நிறைய போன்களில் இருக்கு.

அதனால, அடுத்த குடும்ப போட்டோவில் கடைசியா ஒரு வேலை செய்ங்க. வைடு லென்ஸில் உருவம் இழுபடுவது ஓரத்தில்தான். நடுவில் நிற்பவர்கள் அச்சு அசலா விழுவாங்க. அதனால் ஓரத்தில் நிற்கிறவங்களைக் கையைப் பிடிச்சு நடுவுக்குக் கூட்டிட்டு வாங்க. பட்டு வேட்டிகள் கொஞ்சம் அகலமானால் ஒண்ணும் குடிமுழுகிப் போகாது!