கரையின் கணக்கு

மருதானையில் வளர்ந்தவர்க்குக் கடல் அயல்வீடன்று, எனினும் தொலைவுமன்று. கரையோரப் புகையிரதம் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் வெள்ளவத்தையை அடையலாம். தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையே கருங்கற் குவியல் மட்டுமே உண்டு. அக்கரையை நாம் மாலைக் காற்றுக்குரிய இடமாகவே கருதி வந்துள்ளோம். அங்கு வாழும் உயிர்கள் எவையென வினவினால், நண்டும் காகமும் என்று கூறி நிறுத்துவோர் நம்மிற் பலர். இவ்வறியாமையின் விலையை 2021ஆம் ஆண்டு உணர்த்திற்று.

அவ்வாண்டு மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நின்ற ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பலில் தீ மூண்டது. ஜூன் மாதத்தில் அது மூழ்கியது. அதிலிருந்த 1,600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகளிற் பெரும்பகுதி கடலிற் கலந்தது. அப்போது நான் பாடசாலை மாணவன். பயணக் கட்டுப்பாடு தளர்ந்தபின் வெள்ளவத்தைக்குச் சென்றபோது, கற்களின் இடுக்குகளில் சவ்வரிசி சிந்தியதுபோல வெண்மணிகள் கிடந்தன. வீட்டில் அம்மா பல வாரங்கள் மீன் வாங்கவில்லை. அந்த வாரங்களில் வலை காயவிட்டிருந்த குடும்பங்கள் எதை உண்டன என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டகலவில்லை.

அதனைத் தொடர்ந்து 400க்கு மேற்பட்ட கடலாமைகள் இறந்து கரையொதுங்கின. உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து நம் நாட்டுக் கரைகளில் முட்டையிடுகின்றன என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் உயிரற்ற ஆமைகள் ஒதுங்குவது வழமைதானே என்ற வினா எழுந்தது. வழமை எவ்வளவு? ஆண்டுதோறும் எழுதிவைக்கப்பட்ட எண்ணிக்கையே இதற்கு விடையளிக்க வல்லது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. எனினும், இருந்தது இன்னதென அறியாதவர் இழந்தது இன்னதென முழுமையாகச் சொல்லுதல் அரிது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இதற்கு மாறான எடுத்துக்காட்டொன்று உண்டு. சென்னையில் 1988ஆம் ஆண்டு மாணவர் சிலர் கடலாமைப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் இரவுதோறும் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைக் குழிகளைத் தேடிக் காப்பதும், இறந்த ஆமைகளைக் கணக்கிடுவதும் அவர்தம் பணி. மாணவர் மாறினர்; நடை நிற்கவில்லை. 2025 ஜனவரியில் அக்கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கியபோது, அது வழமையன்று என எடுத்துரைக்க நெடுங்காலக் குறிப்புகள் அவர்களிடம் இருந்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் அவ்விடயத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இவை விஞ்ஞான பீடத்தாருக்குரியவை, கலைப்பீட மாணவனுக்கு இங்கென்ன வேலை என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கரையை அறிந்தோர் ஆய்வுகூடத்தில் மட்டும் இல்லை என்பதே என் விடை. முகத்துவாரத்து முதியவர் ஒருவரிடம், தம் இளமையில் எந்த மீன் எந்த மாதத்தில் வந்தது என்று கேட்டறிவதும், அதன் தமிழ்ப் பெயரையும் சிங்களப் பெயரையும் பிழையின்றிப் பதிவதும், முரண்படும் நினைவுகளை ஒப்புநோக்குவதும் வரலாறும் புவியியலும் மொழியும் பயில்வோர்க்குரிய தொழிலேயாகும். அம்முதியவர் மறைந்தால் அவ்வேடும் மறையும்.

அறிந்ததைக் கொண்டு சேர்க்கவும் வழியுண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்புறமாக 300 மீற்றர் வரையும் தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்புறமாக 2 கிலோமீற்றர் வரையும் கரையோர வலயமென வகுத்தது. அவ்வலயத்துக்கான முகாமைத்துவத் திட்டம் வரையப்படும்போது பொதுமக்கள் கருத்துரைக்க இடமுண்டு. ‘கடலைக் காப்பீர்’ என்ற பொதுக்கூற்று அத்திட்டத்தில் ஒரு வரியையும் மாற்றாது. இன்ன இடத்தில், இன்ன மாதத்தில், இத்தனை என்ற குறிப்போ திட்டமிடுவோரைத் தயங்க வைக்கும்.

ஆண்டுதோறும் நம் துறைகளில் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. புள்ளி பெற்றதும் அலுமாரியில் உறங்குகின்றன. அவற்றுட் சிலவேனும் ஒரே கரையைத் தொடர்ந்து நோக்குமாயின், முன்னவர் விட்ட இடத்தில் பின்னவர் தொடங்குவாராயின், பிரதியொன்று மாநகர சபைக்கும் கரையோரத் திணைக்களத்துக்கும் செல்லுமாயின், பத்தாண்டில் நம்மிடமும் ஒரு கணக்கு இருக்கும். விரிவுரையாளர்கள் இதற்கு வழிகாட்டுதல் வேண்டும். மாணவராகிய நாம் நடத்தல் வேண்டும். அடுத்த கப்பல் எப்போது எரியும் என எவரும் அறியார். அதற்கு முன்பே எண்ணத் தொடங்குவது நம் கையில் உள்ளது.