கருமண்ணின் பிடி

மார்ச் 15, அசோ, கியூஷூ, ஜப்பான்

புல்வெளிக்குத் தீ வைத்து முடித்துவிட்டார்கள். சரிவெங்கும் சுசுகிப் புல்லின் கருகிய தூர்கள். மாட்டுக்கு இளம்புல் வேண்டும், காடு மண்டக்கூடாது. அதற்காக வசந்தம்தோறும் எரிப்பது இங்கே ஆயிரம் ஆண்டுக்கும் மேலான வழக்கம். இந்த மண்ணின் கருமையில் அந்தக் கரித்துகளுக்கும் பங்குண்டு.

மார்ச் 16

குழி வெட்டினோம். மேலே குரோபோகு எனும் கருமண். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. ஒரு கன சென்டிமீட்டர் 0.9 கிராம்கூடத் தேறாது. ஈரத்தோடு விரலிடையே அழுத்தினால் திடீரென நீர் கசிந்து வழுக்குகிறது. கீழே ஆரஞ்சு நிறப் பட்டை: சுமார் 7,300 ஆண்டுகளுக்கு முன் தெற்கே கிகாய் எரிமலை வெடித்தபோது வந்து விழுந்த சாம்பல். அதற்கும் கீழே மறுபடி கருமண்! அந்த வெடிப்புக்கு முன்பு இங்கே முளைத்த புல்லின் மட்கு. இன்னும் அழியாமல் இருக்கிறது.

பினால்ஃப்தலீன் தாளில் சிட்டிகை மண் வைத்து, சோடியம் ஃபுளூரைடு கரைசலைச் சொட்டினேன். கொஞ்ச நேரத்தில் தாள் சிவந்தது. ஃபுளூரைடு மண்ணிலுள்ள அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சிலை வெளியே தள்ளுகிறது; காரத்தன்மை ஏறுகிறது. அலுமினியம் இங்கே எவ்வளவு துடிப்பாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

மார்ச் 19

மட்கு தன் வேதிக் கட்டமைப்பின் உறுதியால்தான் அழியாமல் நிற்கிறது என்றே வெகுகாலம் பாடம் நடந்தது. கரித்துகளுக்கு அது ஓரளவு பொருந்தும், மற்றதற்குப் போதாது. எரிமலைக் கண்ணாடி சிதையும்போது அலோஃபேன், இமோகோலைட் போன்ற ஒழுங்கற்ற நுண்கனிமங்கள் உருவாகின்றன. (இமோகோலைட்டை 1962இல் முதலில் விவரித்ததே இந்தக் கியூஷூ மண்ணிலிருந்துதான்.) அவற்றின் பரப்பிலும், தனித்து நிற்கும் அலுமினியத்திலும் மட்கு பிணைந்துவிடுகிறது. நுண்ணுயிரியின் நொதி எட்டாத நுண்துளைகள், அமிலம், பாஸ்பரஸ் பஞ்சம் எல்லாம் சேர்ந்து சிதைவை இழுத்தடிக்கின்றன. உலக நிலப்பரப்பில் 1 சதவீதத்துக்கும் குறைவான இந்த வகை மண், தன் பரப்புக்கு மிஞ்சிய கார்பனைச் சுமப்பது இதனால்தான்.

எரிமலையே இல்லாத நீலகிரியின் உயர்மேட்டிலும் இத்தகைய மண் பதிவாகியிருப்பது எனக்குத் தீராத வியப்பு. அங்கேயும் பிடித்து வைப்பது அலுமினியமும் இரும்பும்தான்.

மார்ச் 22

ஹவாய்த் தீவுகளில் 300 ஆண்டு மண் முதல் 41 லட்சம் ஆண்டு மண் வரை வரிசையாக ஆராய்ந்த முடிவை 1997இல் வெளியிட்டார்கள். கார்பன் சேமிப்பு சுமார் 1,50,000 ஆண்டு வயதில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. ஒழுங்கற்ற கனிமம் காலப்போக்கில் படிகமாக மாறுகிறது, பிடி தளர்கிறது.

மனிதக் கையில் பிடி தளர அவ்வளவு காலம் வேண்டியதில்லை. ஜப்பானின் மேட்டு வயல்களில் ஏறக்குறைய பாதி குரோபோகுதான். பாஸ்பேட்டை அது அப்படியே விழுங்கிவிடுவதால் உரமும் சுண்ணாம்பும் கொட்டித்தான் காய்கறி எடுக்க முடிகிறது. சுண்ணாம்பு ஏற ஏற அலுமினியத்துக்கும் மட்குக்கும் உள்ள பிணைப்பு நெகிழும். விளைச்சலை நம்பி வாழ்பவரிடம் சுண்ணாம்பு போடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மேல்மண்ணோடு நிறுத்துங்கள், அடியில் புதைந்த கருமண்ணை ஆழ உழுது மேலே கொண்டுவராதீர்கள் என்று மட்டும் கேட்பேன்.