நீலம் கொஞ்சம் தூக்கலாக

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களுக்கு வெளிர் நிறம் ஒட்டவே ஒட்டாது. தோளோடு தோள் உரசி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று கருநீலம் என்றால் அடுத்தது மாம்பழ மஞ்சள், அதற்கடுத்தது பாசிப்பச்சை. சன்னல் பலகைகளுக்கு ஒரு நிறம், தூண்களுக்கு இன்னொரு நிறம். முகப்பில் பீங்கான் சில்லுகளை வெட்டி ஒட்டிச் செய்த பூவும் பறவையும் இருக்கும். சீனத்து ஓட்டுக்கூரை, மலாய் வீட்டுச் சாய்பலகைச் சன்னல், சுண்ணாம்புப் பூச்சு, ஐரோப்பியப் பாணித் தூண் எல்லாவற்றையும் ஒரே முகப்பில் சேர்த்து வைக்கத் தனி நெஞ்சுரம் வேண்டும். பினாங்கில் வீடு கட்டியவர்களுக்கு அது இருந்தது.

இன்று அந்த வீடுகளைப் புதுப்பிப்பவர்களில் பலரிடமும் அது இருக்கிறது. கூடத்துக்கு ரத்தச் சிவப்பு அடிக்கிறார்கள். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஆளுயர வாழையிலை வரைகிறார்கள். பழைய மருந்துக்கடை அலமாரியைக் கொண்டுவந்து படுக்கையறையில் நிறுத்துகிறார்கள். பார்க்கும்போது மனம் நிறைந்துபோகிறது. கூடவே தாங்க முடியாத ஏக்கமும் வருகிறது. அப்படி ஒரு வீட்டில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அது எங்கள் சொந்த வீடு இல்லை. வாடகைக்கு இருந்தோம்.

கடைத்தெருவை ஒட்டிய குறுகலான தெரு. வீட்டுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். இரண்டு பக்கச் சுவர்களையும் இணைக்கும் மரவிட்டம் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அந்தக் கால வீட்டின் அகலம். முன்னால் எல்லோரும் நடந்துபோகும் அஞ்சடி நடைபாதை. அதைத் தாண்டினால் அரை உயரப் பிந்து பாகார் கதவு, கூடம், முற்றம், அதற்கும் பின்னால் சமையலறை. வீட்டுக்கு வெளிச்சம், காற்று, மழை எல்லாமே முற்றத்தின் வழியாகத்தான். கீழே நாங்கள். மாடியில் அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவரின் குடும்பம். மாடிப்படி ஒன்றுதான், குழாயும் ஒன்றுதான். பகல் முழுக்க யாருடைய குழந்தை யாருடைய கையில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்பா சுண்ணாம்பு வாங்கி வருவார். முற்றத்தில் தகர டின்னில் அதை நீற்றி, ஒரு பிடி உப்பும் பசையும் சேர்த்து, துணியில் வடிகட்டுவார். பிறகு சலவை நீலத்தைத் துணியில் முடிந்து அதற்குள் முக்கிக் கலக்குவார். வெள்ளையின் பழுப்பை மறைக்க எல்லா வீடுகளிலும் ஒரு துளி நீலம் கலப்பதுண்டு. எங்கள் அப்பாவுக்கு ஒரு துளி போதாது.

"இந்த வருஷம் நீலம் கொஞ்சம் தூக்கலாவே இருக்கட்டும்" என்பார், ஒவ்வொரு வருஷமும்.

"என்னவோ பண்ணுங்க, சாமி மாடத்துக்கு மட்டும் மஞ்சள்தான்" என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

ஈரமாக இருக்கும்போது அந்த நீலம் மழைமேகம்போல் கறுத்திருக்கும். காயக் காய வெளுத்து, ராத்திரிக்குள் சுவர் முழுக்கத் தெளிந்துவிடும். பூசிய மட்டையின் கோடுகள் அங்கங்கே தெரியும். அதன் மேல் அரிக்கேன் விளக்கையோ குழல் விளக்கையோ எதைக் காட்டினாலும் சுவர் ஒரே மாதிரி இருக்காது. எமல்ஷன் பெயிண்ட் அடித்த சுவரில் அந்த அசைவை நான் இதுவரை பார்த்ததில்லை.

கூடத்தில் பூக்கல் தரை. செங்கல்நிறப் பூவைச் சுற்றிப் பச்சை இலை, ஓரத்தில் கறுப்புக் கட்டம். இந்தக் கற்களைச் சூளையில் சுடுவதில்லை. உலோக அச்சின் ஒவ்வொரு கண்ணறையிலும் நிறக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்ட் நிரப்பி, அழுத்தி, பிறகு நனைத்துக் காயவைப்பார்கள். நிறம் மேற்பூச்சாக இல்லாமல் கல்லுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். அதனால்தான் தலைமுறைகள் நடந்தும் பூ அழியவில்லை. பாட்டி பாய் விரித்துப் படுக்கும் இடத்தில் மட்டும் கற்கள் மெருகேறி, விரலை வைத்தால் வழுக்கும்.

அந்த வீட்டில் நாங்கள் இருக்க முடிந்ததற்கு ஒரு சட்டமே காரணம். இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உயர்த்தவிடாமல் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்து வைத்திருந்தது. ஜார்ஜ் டவுனின் உள்நகரில் தச்சரும் தையல்காரரும் சந்தனம் அரைப்பவரும் துறைமுகத் தொழிலாளியும் அருகருகே வாழ்ந்தது அந்தச் சட்டத்தின் நிழலில்தான். 1997இல் அதை நீக்க முடிவு செய்தார்கள். 1999 முடியும்வரை அவகாசம். 2000 பிறந்ததும் வாடகை பல மடங்கு ஏறியது. எங்களுக்கும் கடிதம் வந்தது. ஆயர் ஈத்தாம் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். மாடிக் குடும்பம் கடல் தாண்டிப் பட்டர்வொர்த்துக்குப் போனது. அந்த வருஷம் தீபாவளிக்கு அப்பா சுண்ணாம்பு வாங்கவில்லை. வாடகை அடுக்குமாடியில் எதைப் பூசுவது?

எங்கள் தெரு பல வருஷம் இருண்டு கிடந்தது. ஆள் போன வீடுகள் சிலவற்றின் சன்னல்களை அடைத்து, கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வளர்த்தார்கள். மனிதர் தூங்கிய அறைகளில் ஒலிபெருக்கி குருவிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. 2008இல் மலாக்காவோடு ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதன் பிறகு பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. புதுப்பிப்பவர்களுக்கு ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. லீத் தெருவில் இருக்கும் சியோங் ஃபட் ட்ஸி என்ற வணிகரின் நீல மாளிகை இடிபடும் நிலையில் இருந்தபோது, 1989இல் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் நண்பர்களும் அதை வாங்கினார்கள். சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து, பழைய முறையிலேயே பூசி மீட்டார்கள். 2000இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. நாங்கள் வீட்டை விட்ட அதே வருஷம். ஒருகாலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேறிய பொருள் அவுரி. அதன் நிறம் பினாங்கின் அடையாளமாகவே ஆகிவிட்டதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

எங்கள் வீட்டிலும் ஒரு நாள் வேலை நடந்தது. அஞ்சடியில் நின்று பார்த்தேன். ஒருவர் கரண்டியால் கூடத்துச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முதலில் பிளாஸ்டிக் தோல்போல் எமல்ஷன் பட்டையாக உரிந்து விழுந்தது. அதன் கீழே நீலம். அதைச் சுரண்டினால் இன்னும் இளநீலம், அதன் அடியில் பச்சை, அதற்கும் அடியில் காவி. எங்களுக்கு முன்னால் அங்கே வாழ்ந்தவர்களும் நிறத்துக்கு அஞ்சியதில்லை. எமல்ஷனுக்கு நேர் கீழே இருந்த நீலம் யாருடையது என்று எனக்குத் தெரியும். சுண்ணாம்பு அடித்த கடைசிக் குடும்பம் நாங்கள்தான்.

புதுப்பிப்பவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்டும் எமல்ஷனும் வழியை அடைத்துவிடுவதால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, முழங்கால் உயரம்வரை பூச்சைக் கொப்பளிக்கவைக்கும். முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு மூடினால் காற்றோட்டம் நின்று வீடே வெந்துபோகும். எவ்வளவு அடர்ந்த நிறம் வேண்டுமானாலும் பூசலாம். அதைச் சுண்ணாம்பில் கலந்து பூச வேண்டும். பழைய வீட்டில் துணிச்சலான அலங்காரம் நிலைத்து நிற்க வேறு வழியில்லை.

அந்த வீடு என்றாவது என் கைக்கு வந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்காத வாரம் கிடையாது. முகப்புக்கு அவுரி நீலம். சாய்பலகைகளுக்குக் கிளிப்பச்சை. கூடத்தின் ஒரு சுவரைச் சுரண்டிய நிலையிலேயே விட்டு, எல்லாக் குடும்பங்களின் நிறங்களும் தெரியும்படி வைப்பேன். மாடத்துக்கு அம்மா கேட்ட மஞ்சள், அதுவும் பார்த்தவர் கண்ணைப் பறிக்கும் மஞ்சள். உடைந்த பூக்கற்களுக்குப் பதிலாக வேறு நிறக் கற்களைப் பதிப்பேன். ஒட்டு ஒட்டாகவே தெரியட்டும். முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்தே இருக்கும். கூடத்தின் மரவிட்டங்களில் அம்மாவின் பட்டுச் சேலைகளின் ஊதாவையும் அரக்கையும் தீட்டுவேன். அஞ்சடியில் நாற்காலியோ பூந்தொட்டியோ போட்டு நடப்பவரை மறிக்க மாட்டேன். அங்கே ஒரு மரப்பெஞ்சு மட்டும், சுவரை ஒட்டி, யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

மாடியை எனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டேன். துறைமுகத்திலோ மருத்துவமனையிலோ கடைத்தெருவிலோ வேலை பார்க்கும் ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு விடுவேன். அவர்கள் அறைக்கு என்ன நிறம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும், அவர்களே அடித்துக்கொள்ளட்டும். ஜார்ஜ் டவுனுக்கு இவ்வளவு நிறத்தையும் கொண்டுவந்தவர்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் இல்லை. தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வாளியும் மட்டையுமாக நின்ற வாடகைக் குடும்பங்களுக்கும் அதில் பங்கு உண்டு. மீட்டெடுத்த தெருவில் அவர்களுக்கும் கதவு திறக்க வேண்டும்.