நீலம் பாய்ந்த அருவா

போன வருஷம் வைகாசியில், நாலாவது செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் உடன்குடி பக்கம். தாத்தா இன்னும் பனையேறுகிறார். அன்னைக்குக் காலையில் மரத்தில் இருக்கும்போது பாளை அருவா கை தவறி, கீழே கிடந்த கல்லில் விழுந்துவிட்டது. வாயில் இரண்டு இடத்தில் பல் போயிருந்தது.

"ஆசாரிகிட்ட குடுக்கணும்"னு தாத்தா சொன்னதுமே எனக்குள்ள தூங்கிக்கிட்டிருந்த மெக்கானிக்கல் இன்ஜினியர் முழிச்சுக்கிட்டான்.

"எதுக்கு தாத்தா? நானே சரி பண்ணித் தாரேன்."

தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம். பதநீர் சொட்டணும்னா பாளையின் நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவணும். வெட்டு சுத்தமாக இருக்கணும். நசுங்கினால் சொட்டு நின்றுவிடும். அதனால் பாளை அருவாவுக்கு சவர பிளேடு மாதிரி கூர் வேணும்.

அப்பாவின் ஆங்கிள் கிரைண்டரை எடுத்தேன். பின்கட்டில் ஒரு மரக்கட்டை, இரண்டு கிளாம்ப், அவ்வளவுதான் என் ஒர்க்‌ஷாப். இருபது நிமிஷத்தில் பல் போன இடமெல்லாம் நேராகிவிட்டது. வாய் ஓரமாக நீல நிறத்தில் அழகாக ஒரு கோடு வேற. "கஸ்டமைஸ்டு எடிஷன்"னு ஸ்டேட்டஸ் வைத்தேன்.

மறுநாள் தாத்தா சீக்கிரமே இறங்கி வந்தார். மூணாவது மரத்திலேயே அருவா வாய் மடங்கிவிட்டதாம். பாளைகள் நசுங்கியிருந்தன. மீதி மரங்களுக்குப் பக்கத்து வீட்டு மாமாவிடம் அருவா இரவல் வாங்கினார். என்னைத் திட்டவில்லை. "பாக்க நல்லாத்தாம்ல இருக்கு"ன்னு மட்டும் சொன்னார். அதுக்குத் திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் நானே ஆசாரி பட்டறைக்குக் கொண்டு போனேன். அவர் கையில்கூட வாங்கவில்லை. "நீலம் பாஞ்சிருக்கு. தோய்ச்சல் போயிருச்சு தம்பி."

அப்பதான் உறைத்தது. மெட்டலர்ஜி பரீட்சையில் நான் எழுதிய இரண்டு மார்க் கேள்வி இது! பழுக்கக் காய்ச்சிய எஃகைச் சட்டென்று குளிர்வித்தால் மார்ட்டன்சைட் உருவாகும். ரொம்பக் கடினம், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி லேசாகச் சூடாக்கணும். சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறம் வரும், கூர் நிற்கும். 300 டிகிரி வாக்கில் நீலம், கடினம் குறைந்துவிடும். என் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று. மெல்லிய வாய் எவ்வளவு நேரம் தாங்கும்? தண்ணீரில் நனைக்காமல் இருபது நிமிஷம் தேய்த்திருக்கிறேன்.

ஆசாரி அருவாவை உலையில் வைத்து, சிவந்ததும் தட்டி, தண்ணீரில் தோய்த்தார். பிறகு ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கத்தை மட்டும் நெருப்பில் காட்டினார். நிறம் முதுகிலிருந்து வாயை நோக்கி மெதுவாக நகர்ந்தது. வாயில் வைக்கோல் நிறம் தொட்ட அதே நொடியில் மறுபடி தண்ணீர். அவரிடம் தெர்மாமீட்டர் கிடையாது. நிறம்தான் கணக்கு.

"கூர் வைக்கிறது உன் வேலை. மெஷின் வேண்டாம்" என்றார்.

இரண்டு நாள் சாயங்காலம், பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவி, கையாலேயே தீட்டினேன். தாத்தா தன் முன்னங்கை மயிரில் சீவிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் சொல்லாமல் அருவாப்பெட்டியில் செருகிக்கொண்டார்.

நசுங்கிய பாளைகளில் சிலது திரும்பச் சொட்ட ஆரம்பித்தது. சிலது கடைசி வரைக்கும் சொட்டவே இல்லை. அந்த மரங்களில் தாத்தா கட்டியிருந்த கலயங்களை நான்தான் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

இப்பவும் லேபில் கிரைண்டிங் வீல் முன்னால் நிற்கும்போது, உலோகம் லேசாக நிறம் மாறினாலே கை தானாகத் தண்ணீர் டப்பாவைத் தேடுகிறது. அந்த ஸ்டேட்டஸை அன்னைக்கு ராத்திரியே அழிச்சுட்டேன் நண்பர்களே. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து மன்னிக்கவும்.