மூவாயிரத்தில் ஒருத்தி

"டிக்கெட் வாங்கியாச்சுல்ல, அப்புறம் எப்படிடி சீட் இருக்காது?" என்றாள் அம்மா. மறுநாள் காலை அப்பாவுக்கு ஆபரேஷன். நான் டெல்லியில் இருந்தேன். வெப் செக்-இன்னில் இருக்கை எண் வரவில்லை, ஏர்போர்ட்டில் தருவார்களாம்.

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். 180 இருக்கை, விற்றது 185 டிக்கெட் என்று வைத்துக்கொண்டேன். ஒருவர் வராமல்போக நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு என்றால், சராசரியாக ஒன்பது பேர் வரமாட்டார்கள். நான்கு பேரோ அதற்கும் குறைவாகவோ டிமிக்கி கொடுத்தால்தான் சிக்கல். அதற்கு வாய்ப்பு நூற்றுக்கு நான்கு சொச்சம். அப்போதும் வெளியே நிற்பது பெரும்பாலும் ஒருவர், இருவர். ஆக, அது நானாக இருக்க ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒன்று.

நிம்மதியாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம். இந்தக் கணக்கு ஒவ்வொரு பயணியையும் தனித்தனி நாணயமாகச் சுண்டுகிறது. நிஜத்தில் ஆறு பேர் குடும்பம் வந்தால் ஆறு பேரும் வரும். தீபாவளிக்கு முந்தின நாள் யார் வராமல் இருப்பார்கள்? அதைவிட, கழற்றிவிடுவது குலுக்கல் முறையில் இல்லை. கடைசியாக செக்-இன் செய்தவர், மலிவான டிக்கெட்காரர், அடிக்கடி பறக்காதவர் என்று ஏதோ ஒரு வரிசை இருக்கும். மூன்றிலும் நான் இருந்தேன். மூவாயிரம் எல்லாருக்குமான சராசரி, எனக்கானது இல்லை.

நாலு மணி நேரம் முன்பே போய் நின்றேன். 29இ, நடு சீட். எனக்கு ரெண்டு கவுன்ட்டர் தள்ளி ஒரு பையன் போனைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கிடைத்ததா, தெரியாது.

"ட்ரெயின்லயாச்சும் வெயிட்டிங் லிஸ்ட்டுனு சொல்லிடுறான்" என்றாள் அம்மா, பிறகொரு நாள். ஆர்ஏசி 14 என்றால் நம் இடம் நமக்குத் தெரியும். விமானத்திலும் அந்த வரிசை இருக்கிறது. நம் கண்ணில் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

ஜூலியன் சைமன் என்ற பொருளியலாளர் 1968-லேயே ஒரு வழி சொன்னார்: எவ்வளவு கொடுத்தால் இறங்குவீர்கள் என்று பயணிகளிடமே ஏலம் கேளுங்கள். அமெரிக்காவில் அது விதியாக வர பத்து வருஷம் ஆனது. நம் டிஜிசிஏ விதியும் முதலில் விருப்பமுள்ளவர்களைத்தான் கேட்கச் சொல்கிறது. யாரும் முன்வராவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் இழப்பீடு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் சேர்த்து இரு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். மலிவான டிக்கெட்காரனுக்கு இழப்பீடும் மலிவு. அவன் வீட்டில் ஆபரேஷன் எத்தனை மணிக்கு என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை.