அவிழ வேண்டிய வார்

பர்மிங்காமுக்கு வடக்கே உள்ள வால்சால், சேணத்துக்குப் பேர்போன ஊர். 1900 வாக்கில் இங்கே தோல் வேலையில் மட்டும் சுமார் 10,000 பேர் இருந்தார்கள். மோட்டார் வண்டி வந்த பிறகு தொழில் சுருங்கிவிட்டது. உள்ளூர்க் கால்பந்து அணிக்கு மட்டும் இன்றும் 'சேணக்காரர்கள்' என்றே பட்டப்பெயர். எஞ்சிய பட்டறைகளில் ஒன்று பழைய செங்கல் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே தோல் வாசனையும் தேன்மெழுகு வாசனையும் மூக்கில் ஏறின.

மேசையில் ஒரு சேணம் பாதி வேலையில் கிடந்தது. உள்ளே பீச் மரத் தகடுகளை ஒட்டி வளைத்த சட்டம். அதற்கு எஃகுப் பட்டைகள் பலம் கொடுக்கின்றன. மேலே இழுத்துக் கட்டிய நாடாக்கள், அப்புறம் தோல். தைப்பவர் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்திருந்தார். குத்தூசியால் துளையிட்டு, இரண்டு பக்கமிருந்தும் ஒரே துளையில் ஊசிகளைச் செலுத்தி, கை இரண்டையும் அகல விரித்து இழுக்கிறார். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் அப்படியில்லை, ஒன்று போனால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும்.

இந்தச் சேணத்துக்கு உரிய பெண் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். சரக்கு லிஃப்டில்தான் மேலே வர முடிந்தது. சாலை விபத்தில் வலது கால் செயலிழந்து, தொடை மெலிந்துவிட்டது. குதிரைமேல் உட்கார்ந்தால் உடல் தானாக ஒரு பக்கம் சாய்கிறது.

"அந்தப் பக்கம் அடியில் கூடுதல் கம்பளி திணித்தால் போதாதா?" என்று கேட்டேன்.

தைத்துக்கொண்டிருந்த பெரியவர் சேணத்தைக் கவிழ்த்து, அடிமெத்தையைத் தட்டிக் காட்டினார். "இது குதிரையுடையது. இங்கே ஏற்ற இறக்கம் வைத்தால் அதன் முதுகு புண்ணாகும். இவருக்கு வேண்டியதை மேலேதான் செய்யணும்."

இருக்கையின் வலப்பக்கத்தை மட்டும் உயர்த்தினார். தொடை நழுவாமலிருக்கத் தடித்த தாங்கு, முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. காலைக் கட்டும் வாருக்கு அந்தப் பெண் பக்கிள் கேட்டபோது மட்டும் மறுத்துவிட்டார். விழுந்தால் வார் தானாக அவிழ வேண்டும், இல்லாவிட்டால் குதிரை ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் போட்டி விதியும் இதையேதான் சொல்கிறது. வெல்க்ரோ பட்டையைப் பலமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தைத்தார்.

போட்டி என்றதும் நினைவுக்கு வருபவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல். போலியோவால் முழங்காலுக்குக் கீழே அசைவிழந்தவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் துணை வேண்டும். அவர்தான் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டியில் வெள்ளி வென்றார், 1956இல் மறுபடியும். பட்டறைக்கு வந்த இந்தப் பெண்ணுக்கோ பதக்க ஆசை இல்லை. அவருக்கு வேண்டியது கானக் சேஸ்.

வால்சாலிலிருந்து கொஞ்ச தூரத்தில் சுமார் 68 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புதர்வெளியும் காடும் அது. மணலும் கல்லும் சேறுமான அந்தப் பாதைகளில் சக்கர நாற்காலி நகராது, குதிரை போகும். "நடந்து வருபவரைக் கண்டால் மான்கள் ஓடிவிடும். குதிரைமேல் போனால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும்" என்றார். மே மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து நைட்ஜார் என்ற பக்கி இனப் பறவை அங்கே வருகிறது. கூடு கட்டாமல் வெறுந்தரையில் முட்டையிடுகிறது. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால், துணைக்கு ஒருவருடன் போய், ஆண் பறவை ராட்டினம் சுற்றுவதுபோல் இழுக்கும் குரல் எங்கிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்கிறார். மற்ற குதிரைக்காரர்களிடமும் இந்தப் பறவையைப் பற்றியே பேசுகிறார்.

அவரை எரிச்சல்படுத்துவது கால் அல்ல, பாதையில் குறுக்கிடும் கதவு. குதிரையிலிருந்து இறங்காமல் திறக்க நீளமான கைப்பிடி வேண்டும். சில கதவுகளில் தாழ்ப்பாள் இடுப்பளவில் இருக்கிறது. அப்படி ஒரு கதவு வந்தால் அன்றைக்குப் பறவைக் குரலைக் குறிப்பது அதோடு சரி. இரண்டடி இரும்புக் கம்பி ஒன்றை வைத்தால் தீரும் பிரச்சினை இது. அதைச் செய்ய ஆண்டுக்கணக்கில் மனு எழுதவேண்டியிருப்பது எனக்கு அசட்டுத்தனமாகவே படுகிறது.

நீங்கள் கோடையில் கானக் சேஸ் பக்கம் போனால், அவர் கேட்பது இரண்டே: பாதையை விட்டு விலகாதீர்கள், நாயை அவிழ்த்துவிடாதீர்கள். முட்டை தரையில் இருக்கிறது.