டௌபோ ஏரிக்கு எப்போது வரலாம்?

டௌபோ, நியூசிலாந்து

அன்புள்ள முருகேசா,

பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில் வரலாமா, மே மாதம் வரலாமா என்று கேட்டிருந்தாய். டிசம்பரில் வா. மீனை மட்டும் நினைத்தால் மே மாதம்தான் சரி. ஆனால் மதினியும் பிள்ளைகளும் கூட வருகிறார்கள். ஏரியை நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் ஆக்லாந்திலிருந்து 280 கிலோமீட்டர் காரோட்டி வந்து, இரண்டு நாளாகக் கரையெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே எதைத் தீர்மானிப்பதென்றாலும் ஆழத்தைப் பார்த்துத்தான். சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் பெரும் எரிமலை ஒன்று வெடித்து, நிலம் உள்வாங்கி உண்டான பள்ளம் இது. பரப்பு 616 சதுர கிலோமீட்டர். ஆழமான இடத்தில் 186 மீட்டர். பல இடங்களில் கரையோரம் முழங்கால் அளவுதான் தண்ணீர்; அடியில் மணல், மேலே வெளிர்ப்பச்சை. சற்றுத் தள்ளி நிறம் சட்டென்று கருநீலமாக மாறுகிறது. அந்த இடத்தில் தரை செங்குத்தாக இறங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு முதல் நாளே அந்த நிற மாற்றத்தைக் காட்டிவிட வேண்டும். பச்சை அவர்களுக்கு, நீலத்துக்கு உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு படகில்தான் போக வேண்டும்.

மீன், ரெயின்போ டிரவுட். ஊட்டிப் பக்கம் அவலாஞ்சிப் பண்ணையில் தொட்டியில் பார்த்தோமே, அதே இனம். இங்கும் அது வந்தேறிதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதற்கு முன் கோவாரோ என்ற சின்ன மீன்தான் இங்குள்ள மாவோரி மக்களின் அன்றாட உணவு. டிரவுட் அதைத் தின்று வெகுவாகக் குறைத்துவிட்டது. பிறகு இரை போதாமல் தானும் மெலிந்தது. அதற்கு இரையாகத்தான் 1930களில் ஸ்மெல்ட் என்ற பொடிமீனை ஏரியில் விட்டார்கள். தூண்டில் போட வருகிறவன் இந்தக் கதையையும் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும் என்று நினைக்கிறேன். ஏரியின் அடித்தளம் இன்று ங்காட்டி டூஃபாரெட்டோவா என்ற மாவோரி இனக்குழுவுக்குச் சொந்தம். 1926இல் அரசு எடுத்துக்கொண்டதை 1992இல் திருப்பிக் கொடுத்தார்கள். நாம் அவர்கள் வீட்டு விருந்தாளிகள்.

அந்த ஸ்மெல்ட்டை இன்று விடியற்காலையில் கரையோரம் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லை. உடலின் ஊடாகவே மணல் தெரிகிறது. கூட்டமாகக் கரையை ஒட்டிப் போனவை திடீரென்று நாலா பக்கமும் சிதறின. நீலத்திலிருந்து ஒரு நிழல் மேலேறி வந்து, பக்கவாட்டில் புரண்டு, ரோஜா நிறக் கோடு ஒன்று மின்ன, திரும்பிப் போனது. இங்கே டிசம்பரை ஒட்டி வரும் கோடையின் தொடக்கத்தில் ஸ்மெல்ட் முட்டையிடக் கரைக்கு வரும். டிரவுட்டும் பின்னாலேயே வரும். டிசம்பரில் நமக்குக் கிடைக்கும் நல்ல நேரம் இந்த விடியற்காலைதான். சூரியன் ஏறுவதற்குள் படகை மெதுவாக விட்டு, ஸ்மெல்ட் போலக் கட்டிய இறகுத் தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதால் தங்கூசி நரம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்தால் மீன் கண்டுகொள்ளும்.

வெயில் ஏறி மேல்நீர் சூடானதும் மீன் குளிர்ந்த நீரைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும். அதன் பிறகு டவுன்ரிக்கர் வேண்டும்: கம்பியில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, நம் நரம்பையும் அதோடு கீழே கொண்டுபோகும் கருவி. நாமே ஓட்டும் படகு வேண்டாம். ஆளோடு வாடகைக்கு எடுப்போம். ஊர் இருப்பது ஏரியின் வடகிழக்கு மூலையில். தென்மேற்குக் காற்று கிளம்பினால் நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்குத் தடையில்லாமல் அலையைத் தள்ளிக்கொண்டு வரும். காலையில் போய் மதியத்துக்குள் கரையேறிவிட வேண்டும். திரும்பும் வழியில் மைன் பே பாறைச் சிற்பத்தைப் பார்க்கலாம். 1970களின் கடைசியில் மட்டாஹி பிரைட்வெல் என்ற மாவோரிக் கலைஞர் செதுக்கிய முகம், பத்து மீட்டருக்கு மேல் உயரம். நீர்வழியாகப் போனால்தான் பார்க்க முடியும்.

மே மாதத்தை ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? அப்போது டிரவுட் முட்டையிட ஆறேறத் தொடங்கும். டொங்காரிரோ ஆற்றில் பெரிய மீன் கிடைக்கும். ஆனால் இடுப்பளவு குளிர்நீரில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். நீ நிற்பாய், சின்னவள் கரையில் நடுங்குவாள். பிள்ளைகளுக்கென்றால், டுராங்கி என்ற ஊர்ப் பக்கத்தில் டிரவுட் மையம் ஒன்று இருக்கிறது. ஓடை மீனை நீருக்கடியிலிருந்து பார்க்கும் கண்ணாடி அறை உண்டு. குறிப்பிட்ட நாட்களில் குளத்தில் பிள்ளைகளுக்குத் தூண்டில் போடக் கற்றுத்தருகிறார்கள். முன்பதிவு வேண்டும். கரையில் நுரைக்கல் கொட்டிக் கிடக்கிறது, எரிமலை கக்கியது. தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. உன் பிள்ளைகளுக்கு ஒரு முழு மாலையும் அதிலேயே போய்விடும்.

இவ்வளவு தெளிவான நீர் சும்மா கிடைத்துவிடவில்லை. சுற்றியுள்ள மாட்டுப் பண்ணைகளிலிருந்து நைட்ரஜன் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீர் வழியாகப் பல ஆண்டுகள் கழித்து ஏரிக்கு வந்து சேர்கிறது. அதை 20 சதவீதம் குறைக்க 2007இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, பொதுப்பணம் போட்டார்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வரப்போகும் அழுக்கை இன்றே தடுத்திருக்கிறார்கள். இந்த ஊரின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்ததற்கு இதுதான் காரணம்.

இனி நீ கவனிக்க வேண்டியவை. தாமிரபரணியில் நாம் போட்ட மண்புழுவுக்கு இங்கே இடமில்லை; செயற்கை இரை மட்டும்தான். நாட்டின் மற்ற ஏரிகளுக்கு எடுக்கும் உரிமம் இங்கே செல்லாது; டௌபோவுக்குத் தனி உரிமம். எத்தனை மீன், எந்த அளவு என்ற விதியும் அதோடு வரும். உன் பழைய தூண்டிலைக் கொண்டுவந்தால் கழுவிக் காயவைத்து, விமான நிலையத்தில் சொல்லிவிடு. வேற்றுநாட்டுக் கிருமி எதுவும் இந்த நீரில் சேரக் கூடாது என்பதில் கண்டிப்பானவர்கள். இங்கே டிரவுட்டை விற்கவோ வாங்கவோ சட்டம் இடம் தராது. பிடித்தால்தான் சாப்பாடு. மிளகாய்ப்பொடி, மஞ்சள் எல்லாம் இங்கேயே வாங்கி வைக்கிறேன். வறுப்பது என் பொறுப்பு. வெயில் நம் ஊரைப் போல் சுடாது, ஆனால் தோலைப் பொசுக்கிவிடும். பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும் எடுத்து வை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாடே இங்கே வந்து இறங்கும். அறையும் படகும் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். விமானத் தேதியையும் பிள்ளைகளின் வயதையும் இந்த வாரமே எழுது.

அன்புடன்,
சங்கரன்